ஊருக்கு ஒரு பேஸ் ஸ்டேஷன்

கைப்பேசி ஜிபிஎஸ் நம்மை ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், வரப்பைக் காட்டாது. அதன் பிழை சில மீட்டர். அதில் பெரும்பங்கு செயற்கைக்கோளின் கடிகாரத்திலிருந்தும் சுற்றுப்பாதைக் கணிப்பிலிருந்தும், சிக்னல் கடந்துவரும் வளிமண்டலத்திலிருந்தும் வருகிறது. ஆகவே அருகருகே இருக்கும் இரண்டு ரிசீவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே பிழைதான். இடம் தெரிந்த புள்ளியில் ஒன்றை நிறுத்தி, அதன் அளவீடுகளை வயலில் நடக்கும் மற்றொன்றுக்கு நொடிக்கு நொடி அனுப்பினால் பொதுப்பிழை கழிந்துவிடும். நிற்பது பேஸ், நடப்பது ரோவர், முறையின் பெயர் ஆர்டிகே. 19 செ.மீ. நீளமுள்ள ரேடியோ அலைகளின் எண்ணிக்கையையே கணக்கில் எடுப்பதால் விடை சென்டிமீட்டரில் வருகிறது. பல லட்ச ரூபாய்க் கருவிகளுக்கே உரியதாக இருந்த இந்தத் துல்லியம், யூ-பிளாக்ஸ் நிறுவனம் 2018-ல் அறிவித்த இசட்இடி-எஃப்9பி போன்ற சில்லுகளால் சில பத்தாயிரம் ரூபாய்க்கு இறங்கிவிட்டது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தித் தமிழகத்தில், குறிப்பாகத் தென்மாவட்டங்களில், சிறு பேஸ் நிலையங்களைப் பெருக்க வேண்டும்.

ஏன் தென்மாவட்டங்கள்? புவிகாந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் அயனி மண்டலம் அமைதியற்றது. சிக்னலுக்கு அது ஏற்படுத்தும் தாமதம் இடத்துக்கு இடம் வேகமாக மாறும். சூரியன் மறைந்த பின் சிக்னலே துடித்துத் துண்டிக்கப்படுவதும் உண்டு. பேஸும் ரோவரும் 40 கி.மீ. விலகியிருந்தால் இரண்டும் பார்ப்பது வேறு வேறு வானம். பொதுப்பிழை பொதுவாக இருப்பதில்லை. ஐரோப்பாவில் ஈடுகொடுக்கும் தூரம் இங்கே ஈடுகொடுக்காது. மாலைத் துடிப்புக்கு எந்த பேஸாலும் முழு மருந்து கிடையாது, காலையில் அளப்பதே நல்லது. ஆனால் தாமத வேறுபாட்டைக் குறைக்க, பேஸ் பக்கத்தில் இருப்பது பெரிதும் உதவும்.

அரசு நிலையங்கள் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர நிலையங்களை நிறுவியிருக்கிறது. அந்த வலையே முதுகெலும்பு. சிறு பேஸ் அதற்குப் போட்டியாகாது. ஆனால் அந்நிலையங்களுக்கிடையே பல பத்து கிலோமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை வலைப்பின்னல் கணக்கு நிரப்புகிறது, வானம் கலங்கும் நாளில் அந்தக் கணக்கும் தடுமாறும்.

மலிவான கருவியை நம்பலாமா என்பது அடுத்த தடை. சில்லின் குறிப்பேடு சொல்வது 1 செ.மீ., அதோடு பேஸிலிருந்து ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் இன்னொரு சென்டிமீட்டர். இதைக் கெடுப்பது பெரும்பாலும் அமைக்கும் விதம். தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, மரம் எல்லாம் சிக்னலை எதிரொலிக்கும் அல்லது மறைக்கும். மொட்டைமாடியின் தூண் தலையில், நான்கு பக்கமும் வானம் திறந்திருக்க, அசையாத இரும்புக் குழாயில் ஆன்டெனாவைப் பொருத்தி, அதன் அடியில் ஓர் உலோகத் தட்டு வைக்க வேண்டும். பிறகு 24 மணி நேரப் பதிவை எடுத்து, கனடா அரசின் இயற்கை வளத் துறை இலவசமாக நடத்தும் பிபிபி என்ற துல்லிய இருப்பிடக் கணிப்புச் சேவைக்கு அனுப்பினால், ஆன்டெனாவின் இருப்பிடம் சென்டிமீட்டர் அளவில் கிடைக்கும். இந்தப் படியைத் தவிர்த்து, சில்லு தானே சில நிமிடங்களில் கணித்த இடத்தை எடுத்துக்கொண்டால், பேஸின் ஒரு மீட்டர் பிழை ரோவர் தொடும் ஒவ்வொரு புள்ளியிலும் அப்படியே ஏறும். திரையோ அப்போதும் ‘ஃபிக்ஸ்’, அதாவது விடை உறுதி, என்றே காட்டும். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்வதால், ஆயத்தொலைவுடன் அது எந்தத் தேதிக்குரியது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். உயரத்திலும் கவனம் தேவை. தமிழகக் கடற்கரையில் ரிசீவர் காட்டும் உயரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கும். இது கருவிக்கோளாறு அல்ல. ரிசீவர் உயரத்தைக் கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது, இப்பகுதியில் கடல்மட்டமே அதற்கு அவ்வளவு கீழே இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் திருத்தாமல் கடல்மட்ட உயரம் எழுதக் கூடாது.

தனியார் பேஸை வைத்துப் பக்கத்து நிலத்தோடு எல்லைத் தகராறு கிளப்புவார்கள் என்ற அச்சத்தையும் ஒதுக்க முடியாது. பட்டாவும் புலப்படமும் அரசின் அதிகாரம். எல்லைக் கல்லை நகர்த்தும் உரிமையை எந்த ரிசீவரும் தராது. ஆனால் கண்மாயின் கொள்ளளவு, வாய்க்காலின் வாட்டம், ட்ரோன் படத்துக்கான தரைப்புள்ளிகள் ஆகியவற்றுக்கு எல்லை அதிகாரம் தேவையில்லை, அளவுதான் தேவை. இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் புவித்தரவு திரட்ட இருந்த முன் அனுமதித் தடைகளை 2021 பிப்ரவரியில் மத்திய அரசு பெருமளவு நீக்கியதும் இதற்கு வழிவிட்டிருக்கிறது.

பிரான்சில் 2019 முதல் சென்டிபீட் என்ற திறந்த வலை இப்படித்தான் வளர்கிறது: உழவரும் ஆய்வு நிலையங்களும் உள்ளாட்சிகளும் தத்தம் கூரையில் பேஸ் வைத்து, திருத்தத் தரவை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். நம்மிடம் பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் மாடியில் ஒரு பேஸை நிறுவி, அதன் ஆயத்தொலைவையும் தேதியையும் அளந்த முறையையும் பகிரங்கமாக வெளியிட்டு, அரசு நிலையத்தோடு ஆண்டுதோறும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். அப்படிச் சரிபார்க்கப்பட்ட சில்லு மலிவானது என்பதற்காக அதன் அளவை யாரும் தள்ள வேண்டியதில்லை. சரிபார்க்கப்படாத விலையுயர்ந்த கருவியை நம்பவும் வேண்டியதில்லை.