அச்சம் காத்ததும் அறிவு காக்க வேண்டியதும்: அயர்லாந்தின் வட்டக் கோட்டைகள்

கோட்டை என்றதும் அரசனும் படையும் முற்றுகையும் நம் நினைவுக்கு வருகின்றன. அயர்லாந்தின் வட்டக் கோட்டைகளை இவ்வெண்ணத்தோடு அணுகினால் அவற்றின் இயல்பு நமக்கு விளங்காது. அவை பெரும்பாலும் உழவர் குடியிருப்புகளே ஆகும்.

வட்டமாக அகழி தோண்டி, அம்மண்ணையே உட்புறம் கரையாக எழுப்பி, நடுவில் வீடமைத்து வாழ்ந்தனர். உள்வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 30 மீட்டர் அளவினது. மண்கரை உடையவை 'ராத்', 'லிஸ்' என்றும், கற்சுவர் உடையவை 'கேஷெல்' என்றும் வழங்கப்பெற்றன. ஊர்ப்பெயர்கள் பலவற்றில் இச்சொற்கள் இன்றும் வாழ்கின்றன. பெரும்பாலானவை கி.பி. 600க்கும் 900க்கும் இடைப்பட்டவை. ஏறத்தாழ 45,000 இடங்கள் இனங்காணப்பட்டுள்ளன.

பசுக்களே செல்வமாயிருந்த அச்சமுதாயத்தில் அவற்றைக் கவர்ந்து செல்வதும் வழக்கமாயிருந்தது. கரையும் அகழியும் அதற்குத் தடையாயின. உரியவரின் தகுதியையும் உணர்த்தின. வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியிலுள்ள டியர் பார்க் ஃபார்ம்ஸில் 1984 முதல் 1987 வரை நிகழ்ந்த அகழாய்வு, ஈரமண்ணில் சிதையாதிருந்த இரட்டைப் பின்னற்சுவர் வீடுகளை வெளிக்கொணர்ந்தது. எளிய மக்களின் இல்லம் இத்துணை முழுமையாகக் கிடைப்பது அரிது.

ஆயிரம் ஆண்டுகளாக இவற்றைக் காத்தது எது? கண்ணுக்குப் புலப்படாத 'ஷீ' என்னும் மாய இனத்தார் அங்கு உறைகின்றனர், கரையைத் தொட்டவருக்குக் கேடு விளையும் என்ற நாட்டார் அச்சமே பெருங்காவலாயிருந்தது. அந்த நம்பிக்கை தளர்ந்து, மண்வாரி இயந்திரங்களும் வந்தபின் கரைகள் பல சமன்செய்யப்பட்டன.

அச்சம் விட்ட இடத்தைச் சட்டம் ஏற்றது. அயர்லாந்துக் குடியரசில் 1930இல் தேசிய நினைவுச்சின்னச் சட்டம் இயற்றப்பட்டது. 1994இன் திருத்தம், பதிவேட்டிலுள்ள இடத்தில் பணி தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே எழுத்துமூலம் அறிவிக்கப் பணித்தது. 2012இல் கெர்ரி மாவட்டத்தில் ஒரு கோட்டையை அழித்த உழவருக்கு நீதிமன்றம் 25,000 யூரோ அபராதம் விதித்தது. ஆயினும் அபராதம் இடிந்த கரையை மீட்டுத் தராது. கலைந்த மண்ணடுக்கு மீண்டும் சான்று பகராது.

அச்சம் தற்செயலாகக் காத்தது. சட்டம் பெரும்பாலும் அழிவுக்குப் பின்னரே வந்து சேர்கிறது. தம் நிலத்தில் இருப்பது இன்னதென நிலத்துக்குரியவர் அறிந்திருப்பதே முன்கூட்டிக் காக்கும் அரணாகும். எனவே, இத்தகைய இடங்களைப் பதிவேட்டில் சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அவற்றின் பொருளை மக்களுக்கு எடுத்துரைப்பதும் பாதுகாப்பின் பகுதியே என நாம் கருதுகிறோம்.