தென்னை முறியும் வட்டம்

கிரேட் நிகோபார் தீவின் கேம்பல் பே படகுத்துறையில் நின்று, பழைய நிக்கான் எஃப்எம்2-வில் கண்ணை வைத்துக் கரையோரத் தென்னையைப் பாருங்கள். நடுவட்டத்துக்குள் மரம் இரண்டாக முறிந்து நிற்கும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரு துண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஃபோகஸ் சரி. ஃபோகஸிங் ஸ்கிரீனின் நடுவில் எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு சின்ன பிரிசம் ஆப்புகள் செய்கிற வேலை இது; பெயர் ஸ்ப்ளிட் இமேஜ். கேமராவைக் கடல் பக்கம் திருப்பினால் தொடுவானம் படுக்கைக்கோடு, முறிவதற்கு எதுவும் இல்லை. கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டியதுதான்.

காட்டுக்குள் போனால் கதை வேறு. கிரேட் நிகோபார் மழைக்காட்டின் அடியில் நண்பகலிலும் மங்கல்தான். கரையோரக் காட்டில் மணலையும் சருகையும் குவித்து முட்டையைப் புதைத்து, சருகு மட்கும் சூட்டிலேயே குஞ்சு பொரிக்க விட்டுவிடும் நிகோபார் மெகபோட் பறவை அங்கே உண்டு. பறவையும் பழுப்பு, சருகும் பழுப்பு. எஃப் 5.6 டெலி லென்ஸில் பார்த்தால் வட்டத்தில் பாதி கறுத்துக் கிடக்கும். கண்ணை இம்மி நகர்த்தினால் மறுபாதி கறுக்கும். லென்ஸில் பழுதில்லை. ஆப்பின் சாய்வுக்கு எட்டுகிற அகலத்தில் ஒளி வரவில்லை, அவ்வளவுதான். சுற்றியுள்ள மைக்ரோபிரிசம் வளையமும் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். இங்கே என் ஓட்டு பிரிசம் இல்லாத வெறும் மேட் ஸ்கிரீனுக்கு. நிக்கானில் பி2. வேகம் குறைவு, ஆனால் பறவை ஓரத்தில் நின்றாலும் அங்கேயே ஃபோகஸ் பார்க்கலாம்.

டிஜிட்டல் எஸ்எல்ஆர்காரர்களுக்கு நேரெதிர்த் தொல்லை. கேமராவோடு வரும் ஸ்கிரீன், ஒளி குறைந்த ஜூம்களிலும் பளிச்சென்று தெரியச் செய்தது. எஃப் 1.4 லென்ஸை மாட்டினாலும் ஏறக்குறைய எஃப் 2.8-இன் ஆழத்தையே காட்டும். கண்ணுக்குக் கூர்மை, படத்தில் மசமசப்பு. கேனான் 6டி-க்கு ஈஜி-எஸ் என்ற நுண்மேட் ஸ்கிரீன் இதற்காகவே வந்தது. மாற்றியதை மெனுவிலும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சக் கணக்கு பிசகும். அந்த ஸ்கிரீனோடு எஃப் 5.6 ஜூமை மாட்டினால் வியூஃபைண்டர் இருண்டுபோகும்.

ஸ்கிரீனை மாற்றுவதென்றால், எஃப்எம்2-வில் அதை லென்ஸ் வாய் வழியாகத்தான் கழற்ற வேண்டும், இடுக்கியால். விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். வேட்டி நுனியால் துடைத்தால் கீறலும் சேரும். தூசி என்றால் புளோயரால் ஊதிவிட்டுச் சும்மா இருங்கள். ஸ்கிரீன் தூசி கண்ணைத்தான் உறுத்தும், ஃபிலிமில் விழாது.