பயிற்சி சர்வர்தானே என்று பூட்டாமல் விடலாமா?

பி.எச்.பி. படிக்கத் தொடங்கும் பலர் முதல் நாளே, சொந்தக் கணினியிலேயே சர்வரை ஓட்ட உதவும் எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பை நிறுவிவிடுகிறார்கள். பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தட்டியதும் நாம் எழுதிய பக்கம் திறக்கும். அந்தச் சந்தோஷத்தில் ஒன்று கண்ணில் படாமல் போகிறது: டேட்டாபேஸின் ‘ரூட்’ பயனருக்கு எக்ஸாம்ப்பில் பாஸ்வேர்டே கிடையாது. இது பழகுவதற்கு மட்டும்தான் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறோம்?

127.0.0.1 என்ற முகவரி நம் கணினியை விட்டு வெளியே போகாது என்பது உண்மை. ஆனால் எக்ஸாம்ப்பில் உள்ள வெப் சர்வரான அப்பாச்சி ‘லிசன் 80’ என்ற வரியோடு வருகிறது; வைஃபை வழியாக வருகிறவருக்கும் அது பதில் சொல்லும். ஃபயர்வால் அனுமதி கேட்டபோது யோசிக்காமல் ‘அலவ்’ கொடுத்திருந்தால், ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரர் உங்கள் ப்ராஜெக்டைத் திறந்து பார்க்கலாம். அந்த வரியை ‘லிசன் 127.0.0.1:80’ என்று மாற்றி, அப்பாச்சியை நிறுத்தித் தொடங்குங்கள். ரூட்டுக்கும் ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள்.

கிளவுடில் இலவச சர்வர் எடுப்பவர்கள், “என் சர்வர் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?” என்பார்கள். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஒரே கணினியிலிருந்து அவற்றை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கும் ஸீமேப் என்ற கருவியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-லேயே வெளியிட்டுவிட்டார்கள். 2017 ஜனவரியில் பாஸ்வேர்ட் இல்லாத மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டு, பிட்காயின் கேட்டு சீட்டு வைக்கப்பட்டது. தேடி வந்தவர்களுக்கு அது யாருடைய சர்வர் என்பது பொருட்டே இல்லை.

பணம் போகிற வழி வேறு. கிளவுட் ஆக்சஸ் கீயைக் கோடுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும்; கீயையே ரத்து செய்யவேண்டும். அதற்குள் யாரோ உங்கள் கணக்கில் கிரிப்டோ மைனிங் நடத்தியிருக்கலாம். பட்ஜெட் அலெர்ட் எச்சரிக்கை மட்டுமே தரும், செலவை நிறுத்தாது. கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓ.டி.பி. வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி கொஞ்சம் காப்பாற்றும். பணம் பிடிக்கவில்லை என்பதற்காக பில் மறைந்துவிடாது. கிளவுட் நிறுவனத்தின் பில்லிங் பிரிவுக்கு உடனே எழுதி விலக்குக் கேளுங்கள்.

கதவு திறந்திருந்தது நம் தவறுதான். அதனால் நுழைந்தவர் நிரபராதி ஆகிவிடமாட்டார். அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வரும். அதை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 5 கோடி ரூபாய்வரை இழப்பீடு கேட்க மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் போகலாம். அவரே தீர்ப்பு வழங்கும் அதிகாரி. பலருக்கு இது தெரியாது. பணமோசடி என்றால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். மற்றவற்றை தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம்.

புகாருக்கு ஆதாரம் வேண்டும். பயத்தில் சர்வரையே அழித்துவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. முதலில் நெட்வொர்க்கைத் துண்டித்து, டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுங்கள். அப்பாச்சியின் ஆக்சஸ் லாகையும் பில் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வேறிடத்தில் சேமியுங்கள். ‘டெர்மினேட்’ பட்டன் அதற்குப் பிறகு.