மாடியில் ஆறு பருவங்கள்

பெரும்பொழுதை ஆறாக வகுத்தனர் நம் முன்னோர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அவற்றின்பின் இவ்விரு திங்களாக முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன. வகுப்பில் இதனை ஒப்பிக்கும் மாணவர், சென்னை மாநகரில் இந்த ஆறும் எங்கே உள்ளன என்று வினவுவதுண்டு. மொட்டை மாடியில் இருபது தொட்டிகள் வைத்திருப்பவர் அவ்வாறு வினவார்.

தொட்டித் தோட்டத்தின் ஆண்டு சித்திரையில் பிறப்பதன்று, கூதிரில் பிறப்பது. சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. அந்நாள்களில் நீர் ஊற்றுவதன்று, நீரை வடியச் செய்வதே வேலை. அடித்துளை அடைபட்டால் வேர் மூச்சின்றி அழுகும். ஆதலின் துளையின்மேல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புதல் நலம். தொட்டிகளைச் செங்கல்மேல் நிறுத்தினால் தளமும் கெடாது. கீழ்வீட்டாரின் நட்பும் கெடாது.

நவம்பர் இறுதியில் குண்டுமல்லியைக் கவாத்துச் செய்தல் வேண்டும். தரையில் வளரும் செடியை ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் வெட்டுவர், தொட்டிச் செடிக்கு அதனினும் தாழ்வாக வெட்டலாம். பசுமையாக நிற்பதை வெட்ட மனம் வாராது. எனினும் மல்லிகை புதுத்தளிரிலேயே அரும்பு கட்டும். யான் ஈராண்டு இரக்கம் காட்டினேன். கொடி நீண்டது, பூ இல்லை.

முன்பனி சாமந்திக்கு உரியது. இரவு நீண்டாலன்றி அச்செடி மொட்டு வையாது. ஓராண்டு மாடிப்படியருகே சாமந்தித் தொட்டிகளை வைத்து, இரவெல்லாம் அங்கு விளக்கெரிய விட்டோம். இலை தழைத்தது, தை பிறந்தும் மொட்டில்லை. எருவை ஐயுற்றேன், நீரை ஐயுற்றேன்; விளக்கை ஐயுறவில்லை. உண்மை விளங்கியபின் இருண்ட மூலைக்குத் தொட்டிகளை நகர்த்தினேன். மாசியில் மொட்டுகள் தோன்றின.

பின்பனியில் அதிக வேலையில்லை. இளவேனிலில் மல்லிகை பூக்கும். முற்றிய வெள்ளை அரும்புகளைக் காலையிலேயே பறித்துவிடின் அவை மாலையில் விரியும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பசுமையாக நின்று வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். வெயில் முதிர்ந்தால் இலையடியில் செஞ்சிலந்தி வலை பின்னும். இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

ஆனால் நீர் இருந்தாலன்றோ? 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. எம் தெருவிற்கு லாரித் தண்ணீரே கதி. ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பு. குடங்களை எண்ணி வாழும் வீட்டில் பூச்செடிக்கென நீர் கேட்க நாணமாயிருந்தது. அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைச் சேர்த்தோம். இருபது தொட்டிகளுக்கு அது போதவில்லை. எட்டினை மட்டும் தேர்ந்தோம். ரோஜாக்கள் கண்முன் காய்ந்தன. அன்னையார் பதியமிட்டுத் தந்த மல்லிகை அவ்வெட்டில் ஒன்று. மண்ணைச் சருகாலும் தேங்காய் நாராலும் மூடி, பழைய வேட்டியை மேலே பந்தலாகக் கட்டினோம்.

ஆடியில் மழை பெய்தபோது அதில் பாதி இலைகளே எஞ்சியிருந்தன. அக்கார்த்திகையில் அதனை வெட்ட எனக்குத் துணிவு வரவில்லை. தை பிறந்தபின்னரே கத்தரியை எடுத்தேன். சித்திரையில் பூக்க வேண்டியது வைகாசியில் பூத்தது.