மேதையை அளப்பவர் யார்?

நாஞ்சில் நாட்டின் மேற்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே உள்ள குலசேகரத்தில், ஐந்து வயது நிரம்பாத ஒரு குழந்தை தானே எழுத்துக் கூட்டிப் பத்திரிகை வாசிக்கிறதென்றும், பெரிய பெருக்கல்களை மனத்திலேயே செய்து விடையிறுக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். பெற்றோர் என் செய்வர்? பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் கெட்டிக்காரப் பிள்ளை என்று மெச்சுவார். பாட்டி திருஷ்டி கழிப்பாள். இக்குழந்தையின் அறிவு எத்தகையது, எவ்வகைப் போதனை இதற்குத் தக்கது, எந்த வகுப்பில் அமர்த்தலாம் என்று ஆராய்ந்து சொல்லத்தக்க பரீட்சகர் ஒருவரைத் தேடிப் புறப்பட்டாலோ, எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் திகைப்பார்கள். 2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் எழுத்தறிவு நூற்றுக்கு 91.75 என்று கண்டு, தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்ற ஜில்லா கன்னியாகுமரி. அங்கேயே இப்படியென்றால் ஏனைய ஜில்லாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தொல்லை புதிதன்று. ஸ்ரீனிவாஸ ராமானுஜனின் சரித்திரத்தை யாவரும் அறிவர். அதனைப் பரீட்சகரைத் தேடி அலைந்த ஒருவரின் சரித்திரமாக வாசித்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் அடங்கியிருக்கக் காணலாம். 1897இல் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறினார். 1904இல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் தலைமையாசிரியர் கிருஷ்ணஸ்வாமி ஐயர் கணிதப் பரிசை அளிக்கையில், முழு மார்க்கும் இம்மாணவனுக்குப் போதாது என்று சபையறியக் கூறினார். அவ்வளவு சரியாக மதித்த ஒருவர் உள்ளூரிலேயே இருந்தும் பயனென்ன? கும்பகோணம் கலாசாலையில் இங்கிலீஷில் தவறியதால் உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து படித்தும் எப்.ஏ. பரீட்சை 1907இல் கைகூடவில்லை. சர்வகலாசாலை அவரை அளந்து பார்த்துத் தேறாதவர் என்று எழுதிவிட்டது.

திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயர், 1907இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். 1910இல் குமாஸ்தா வேலை கேட்டு வந்த இளைஞரின் நோட்டுப் புத்தகத்தை அவர் புரட்டிப் பார்த்தார். இவரைக் கச்சேரியில் அடைத்து வைப்பது தகாதென்று கருதி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவின் முன் ராமானுஜன் போய் நின்றார். ராவுக்கு முதற் பார்வையில் ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி வரச் சொன்னார். இளைஞரோ ராவின் கணித ஞானம் எம்மட்டு என்று அறிந்துகொண்டு, எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அவரை மேலே ஏற்றிக்கொண்டு போனார். ஐயம் தீர்ந்த பின்னர் ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து உதவ முன்வந்தார். தமக்கு விளங்காததை விளங்கியதுபோல் பாவித்துத் தீர்ப்புக் கூறாமல், மறுபடியும் உட்கார்ந்து செவி கொடுத்த இவரே நம் கருத்தில் உத்தமப் பரீட்சகர்.

சீமைப் பண்டிதர்கள் எல்லோரும் அவ்வளவு பொறுமை காட்டினார்களென்று சொல்வதற்கில்லை. 1912இல் சென்னை எஞ்சினியரிங் கலாசாலைப் பேராசிரியர் கிரிபித், லண்டனில் தம் ஆசிரியராயிருந்த ஹில்லுக்கு எழுதிக் கேட்டார். கணிதத்தில் ருசியும் ஓரளவு திறமையும் உண்டென்று ஹில் ஒப்புக்கொண்டார். ஆனால் முடிவிலாத் தொடர்களில் இவர் வழுக்கி விழுந்துவிட்டதாகவும் எழுதினார். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்ஸன் என்னும் இருவரும் கைவிரித்தனர். 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதம் ஹார்டியின் மேஜைக்குப் போயிற்று. அவரும் லிட்டில்வுட்டும் கூடி உட்கார்ந்து ஆராய்ந்து, இது மகா மேதையின் கைவேலை என்று தெளிந்தனர். நால்வருமே பெரும் பண்டிதர்கள். அவர்களுள் ஒருவருக்கே அது புலப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், சிம்லாவிலிருந்த வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது அக்கணக்குகளைப் பார்த்துவிட்டு, சர்வகலாசாலைக்குச் சிபார்சு எழுதினார். எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கென்று வைத்திருந்த ஆராய்ச்சி உபகாரச் சம்பளம், எப்.ஏ.யும் தேறாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாயாகக் கிடைத்தது. சீமைக் கடிதம் வந்த பிற்பாடுதான் நம் கதவு முழுவதும் திறந்ததென்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஆயினும் முதலில் கண்டுகொண்டவர்கள் கும்பகோணத்திலும் திருக்கோவிலூரிலும் இருந்த நம்மவர்களே அன்றோ!

இனி, அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. 1905இல் பாரிஸில் பினேயும் சீமோனும் முதன்முதல் அறிவுப் பரீட்சையை இயற்றியது, பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்கே. மேதாவிகளைத் தேடும் வேலைக்கு அதனைத் திருப்பியவர் அமெரிக்காவில் டெர்மன். 1921இல் அவர் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியில், மார்க்குப் போதாதென்று தள்ளப்பட்ட சிறுவர்களுள் ஷாக்லி, அல்வாரெஸ் என்னும் இருவர் இருந்தனர். பிற்காலத்தில், 1956இலும் 1968இலும், அவ்விருவரும் பௌதிகத்துக்கு நோபெல் பரிசு பெற்றார்கள். சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுள் ஒருவருக்கேனும் அப்பரிசு கிடைக்கவில்லை.

ஆகையால் பரீட்சையே வேண்டாமென்பது நம் கட்சியன்று. தகுதியுடையவர் கையில் அது நல்ல கருவி. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்து வருகிறது. பரீட்சகர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்பவரிடம் அப்பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. விரல் ரேகையைப் பதிவு செய்து மூளையின் திறத்தை உரைப்பதாக விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைத் தொலைக்க வேண்டாம். அதற்கு விஞ்ஞான ஆதாரம் ஏதுமில்லை. எந்தப் பரீட்சை, அதன் அளவுகள் எந்த ஆண்டில் எந்தத் தேசத்துக் குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை என்றும் வினவ வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் மாலின் பரீட்சை 1969இல் நாகபுரியில் அமைக்கப்பட்டது. பல தேசங்களில் தலைமுறைக்குத் தலைமுறை மார்க்குகள் உயர்ந்து வந்திருப்பதால், பழைய அளவுகோலில் இன்றைய குழந்தை உள்ளதைவிட உயரமாகத் தோன்றக்கூடும். மிகச் சிறந்த குழந்தைக்கோ இதற்கு மாறான தொல்லை ஒன்றுண்டு. எல்லா வினாக்களுக்கும் விடை சொல்லி முடித்துவிட்டால், அதற்குமேல் அளக்கப் பரீட்சையில் இடமிராது. இதை உணர்ந்தவரே குழந்தைக்கு எட்டிய எல்லை எதுவென்று வேறு வழிகளில் தேடிப் பார்ப்பார்.

பாஷை விஷயத்தில் குலசேகரத்தார் விசேஷமாய்க் கவலைப்படக் காரணமுண்டு. 1956 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்த பிரதேசம் அது. வீட்டுப் பேச்சில் மலையாளச் சொற்கள் இயல்பாகக் கலந்து வரும். சென்னையினும் திருவனந்தபுரம் மிகச் சமீபமாதலால் பெற்றோர் அங்கே செல்வது சகஜம். அங்கோ வினா மலையாளத்திலோ இங்கிலீஷிலோ வரும். சென்னைக்குப் போனால் அப்பட்டணத்துத் தமிழில் வரும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதையும் ஒட்டுப்பாலையும் ஷீட்டு உலர்த்துவதையும் நன்கறிந்த குழந்தையை, அது கண்டறியாத பொருளின் பெயரைக் கேட்டு மார்க்குக் குறைப்பது நியாயமாகுமா? சொற்பரீட்சையோடு சொல்லில்லாத வடிவப் பரீட்சையையும் நடத்தி, இரண்டையும் தனித்தனியே அறிக்கையில் எழுதித் தருவாரா என்று முன்கூட்டியே கேட்டறிதல் நலம். ஓர் எண்ணை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுப்பவரைவிட, குழந்தை எதில் முந்துகிறது, எதில் தயங்குகிறது, எப்போது சோர்ந்தது என்று விவரமாய் எழுதுபவரே மேல்.

குறைபாட்டை அளந்து சான்றிதழ் வழங்கச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஏற்பாடு இருக்கிறது. அது அவசியமான நற்பணி. சிறப்பை அளக்கவோ அப்படியோர் ஏற்பாடு செய்ய எவரும் நினைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நடக்கும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஜில்லாவுக்கு 50 ஆண்களையும் 50 பெண்களையும் பொறுக்கி எடுக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை அதற்காக ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் சலித்துப்போய்ப் பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடக் கூடும். நாகர்கோவிலையடுத்த ஆசாரிப்பள்ளத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குலசேகரத்திலேயும் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு நாள், தமிழும் மலையாளமும் அறிந்த மருத்துவ உளவியலாளர் ஒருவர் ஆசாரிப்பள்ளத்தில் அமர்ந்து, உபாத்தியாயர் அனுப்பும் குழந்தைகளைக் கட்டணமின்றிப் பார்ப்பதற்குப் பெருஞ் செலவு பிடிக்காது. ஜில்லாக் கலெக்டருக்கும் சட்டசபை அங்கத்தினர்களுக்கும் இதைக் குறித்து விண்ணப்பம் செய்துகொள்ளுமாறு அவ்வட்டாரத்து ஊழியர்களை வேண்டுகிறோம்.