பணம் போகும் வழியில் இரண்டாவது கண்

2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் கணினிக்குள் புகுந்த திருடர்கள், வங்கிகள் தங்களுக்குள் பண ஆணைகளை அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக மூன்று ஆணைகளை அனுப்பினார்கள். துபாய், துருக்கி, சீனா என மூன்று திசைகளில் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் கிளம்பியது. ஒப்புகைத் தாள்களை அச்சிடும் பிரிண்டரையும் அவர்கள் முடக்கியிருந்தார்கள். தாள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. மறுநாள் ஊழியர்கள் வழக்கம்போல் கணக்கைச் சரிபார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று ஆணைகள் அகப்பட்டன. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பிவந்தது. திருட்டைக் காட்டிக்கொடுத்தது அந்த அன்றாடச் சரிபார்ப்புதான். தொழில் செய்பவர்கள் முதலில் முதலீடு செய்ய வேண்டியது இந்தப் பழக்கத்தில்தான் என்பேன்.

“அது வங்கி. என் சின்னக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்று புதுச்சேரி நேரு வீதி வியாபாரி கேட்கலாம். பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. அதே 2018இல் இங்கே பிடிபட்ட போலி ஏ.டி.எம். கார்டு கும்பல், ஏ.டி.எம்.களில் ஸ்கிம்மர் பொருத்தித் தகவல்களைத் திருடி, போலி கார்டுகள் தயாரித்து, வணிகர்களின் ஸ்வைப்பிங் மெஷின்களில் தேய்த்துப் பணமாக்கியது. திருடன் கடையின் அளவைப் பார்ப்பதில்லை. கவனிப்பார் இல்லாத இடத்தைத்தான் பார்க்கிறான்.

இன்று அவனுக்கு ஸ்கிம்மர்கூடத் தேவையில்லை. முதலாளியின் படத்தை வைத்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, “மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, இந்தக் கணக்குக்கு உடனே பணம் போடுங்கள்” என்று கணக்காளருக்குச் செய்தி வருகிறது. கணினி எதுவும் உடைக்கப்படாததால் ஆன்டிவைரஸ் இதைத் தடுக்காது. புதிய கணக்குக்குப் பணம் போகுமுன், ஏற்கெனவே கையிலுள்ள எண்ணில் முதலாளியை அழைத்துக் கேட்பதும், இன்னொருவர் ஒப்புதல் தந்த பிறகே அனுப்புவதும்தான் தடுக்கும். இதனால் வேலை தாமதமாகும், ஊழியரைச் சந்தேகிப்பதுபோல் ஆகும் என்பார்கள். தாமதம் சில நிமிடங்கள்தான். விதி எல்லோருக்கும் பொதுவென்றால் அதில் அவமதிப்பு இல்லை, “விசாரித்தாயா?” என்று பின்னால் குற்றம் சாட்டப்படாமல் ஊழியரைக் காப்பதும் அதுவே. ஆனால் முதலாளியும் அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டும். அவசரம் என்று சொல்லி அவரே ஒருமுறை மீறிவிட்டால், அதே அவசரத்தைத் திருடன் நாளை பயன்படுத்துவான்.

பழக்கம் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர் என்ற மிரட்டல் மென்பொருள் பூட்டியபோது, பல நாட்கள் நோயாளிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தாக்குதல் எட்டாத பேக்கப் சர்வரிலிருந்துதான் தகவல்கள் மீட்கப்பட்டன. ஆகவே வாரம் ஒருமுறையாவது கணக்குகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்; அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மென்பொருள்களைப் புதுப்பிப்பதும், மின்னஞ்சலுக்கு ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டுப் போடுவதும் செலவில்லாத வேலைகள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வாய்ப்புண்டு. இவற்றில் எதற்கும் பெரிய முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. சின்னக் கடைக்குத்தான் இவை கூடுதலாகத் தேவை, ஒரே அடியில் விழுந்தால் எழுந்திருக்க அதனிடம் வேறு மூலதனம் கிடையாது.