கார் கிளம்ப மறுக்கிறதா? காதைக் கொடுத்துக் கேளுங்கள்!

காஸ் அடுப்பு எரியவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? சிலிண்டரில் காஸ் இருக்கிறதா, பர்னரில் அடைப்பா, லைட்டரில் பொறி வருகிறதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். கார் கிளம்பாவிட்டால் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பானேன்? பல வருஷங்களாகக் கார் ஓட்டும் இல்லத்தரசி என்ற முறையில், எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் காது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறதா? குறை பெரும்பாலும் பேட்டரியில்தான். எஞ்சின் 'கிர்ர் கிர்ர்' என்று நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? அப்போது பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா? முள்ளை மட்டும் நம்பாதீர்கள். சரிவான இடத்தில் நிறுத்திய வண்டியில், இருக்கிற கொஞ்சம் பெட்ரோலும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போய்விடும்.

அடுத்து பம்ப். ரேடியோ, ஏ.ஸி. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில், பின் சீட் பக்கமிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று மெல்லிய ரீங்காரம் வரும். வரவில்லையானால், பம்ப் ஃப்யூஸ் போயிருக்கலாம். அல்லது பம்பே மக்கர் பண்ணலாம்.

"அக்கா, பம்பு டாங்குக்குள்ள பெட்ரோல்ல மூழ்கிக்கிட்டே ஓடற சாமான். பெட்ரோல்தான் அதுக்குக் குளிர்ச்சி. எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டினா சூடேறிப் போயிடும்" என்பார் எங்கள் தெரு மெக்கானிக். கால் டாங்குக்குக் கீழே இறங்க விடாமல் பெட்ரோல் போட்டுவிடுவது என் வழக்கம்.

பல தடவை செல்ஃப் அடித்த பிறகு பெட்ரோல் வாடை வருகிறதா? முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஒழுகினால் சாவியைத் தொடாமல், குழந்தைகளுடன் தள்ளிப்போய் நில்லுங்கள். ஒழுகல் இல்லையானால், எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஐந்து நிமிஷம் விட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். காற்று அதிகம் போய் உள்ளே காயும். கிளம்பியதும் காலை எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவே ஒரு நிமிஷம் ஓய்வு கொடுங்கள்.

மாசக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியா? இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். அதை மெக்கானிக்தான் வடிக்க வேண்டும். பங்கில் போட்ட பெட்ரோல் மேலேயே சந்தேகமா? ஃபில்டர் பேப்பர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் விஷயம். டியூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்ச வீட்டில் யாரையும் அனுமதிக்காதீர்கள். மிச்சப் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை தாகத்தில் எடுத்து ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து. பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே உலை வைக்கும். அப்படி நேர்ந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு நுரையீரலுக்குப் போகும் அபாயம் அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ராத்திரி குழந்தைக்கு உடம்பு முடியாமல் கிளம்பும்போது கார் முரண்டு பிடித்தால், இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இரண்டு தடவைக்கு மேல் பார்க்காமல் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். அவசரமென்றால் 108 இருக்கிறது. கார் காத்திருக்கும்.

மற்ற நாட்களில் மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது, "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், "எஞ்சின் சுத்துது, பம்பு சத்தம் வரலை, டாங்க் பாதி இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். வேலையும் சீக்கிரம் முடியும். வேண்டாத செலவும் நம் தலையில் விழாது!